இணைச்சீருக்கு மகளை அழைக்க ஜெர்மனி போனது

என் மகன் செந்திலுக்கு ஆவணியில் கல்யாணம் என்று நாள் குறித்தாகிவிட்டது. பெண் வீட்டார் ஊத்துக்குளிக்காரர்கள். எருமைகள் வைத்து வெண்ணெய் வியாபாரம் செய்பவர்கள், நல்ல மனிதர்கள். குறை ஒன்றே ஒன்றுதான். செந்திலின் தங்கை கோமதி ஜெர்மனியில் ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தாள். வருவாயா என்று போனில் கேட்டால், "பாக்கலாங்கப்பா" என்றாள். எங்கள் கொங்குப் பக்கத்தில் ‘பாக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

தாலி கட்டுவதற்கு முன்னால் எங்களுக்கு இணைச்சீர் நடக்க வேண்டும். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கூறைச்சேலையைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து வருவாள். அந்தச் சேலையின் ஒரு தலைப்பை அண்ணனும் மறு தலைப்பை அவளும் பிடித்துக்கொள்வார்கள். நீ வேறு வீட்டுப் பெண்ணைக் கட்டினாலும் நான் உனக்கு இல்லாமல் போய்விடவில்லை என்று அவள் சொல்லுகிற சீர் அது. உடன்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டுப் பெண் நிற்பாள். இருக்கிறவனுக்கு இன்னொருத்தி நின்றால் ஊர் பேசும். என் அக்கா இப்போதே பேச ஆரம்பித்திருந்தாள். "படிச்ச புள்ளைக்கு அண்ணன் கண்ணாலமெல்லாம் ஒரு கண்ணாலமா?"

"நேர்ல போய்க் கூட்டியாங்க" என்றாள் என் மனைவி. ஆடி மாதமாயிற்றே என்றேன். "பெத்த புள்ளையக் கூப்பிட ஆடி என்ன, மார்கழி என்ன?" என்று நெய் டப்பாவையும் பருப்புப் பொடியையும் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அவிநாசியப்பரையும் கருணாம்பிகைத் தாயாரையும் கும்பிட்டு, ஒரு பொட்டலம் திருநீறு மடித்துக்கொண்டு கிளம்பினேன். நான் எட்டாவது வரை படித்தவன். நாலு நிட்டிங் மெஷின் வைத்து, திருப்பூர் கம்பெனிகளுக்குத் துணி ஓட்டிக் கொடுக்கிறேன். அதுவரை நான் போன தூரத்து ஊர் காசிதான்.

விமான நிலையத்தில் கோமதி நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். "ஏங்கண்ணு, சோறு திங்கறயா இல்லையா?" என்றேன். "வந்ததும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டாள். தாகமாக இருந்தது. கடையில் ஒரு தண்ணீர் பாட்டிலை நானே எடுத்து மடமடவென்று குடித்தேன். மூக்கு வழியாக ஏறிவிட்டது. அது சோடா. இந்த ஊரில் தண்ணீர் என்றால் பாதிப் பேர் இதைத்தான் குடிப்பார்களாம். உப்பும் எலுமிச்சையும் இல்லாமல் வெறும் சோடாவை எப்படி இறக்குகிறார்களோ தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊரே கண்ணை மூடிக்கொண்டது போல இருந்தது. ஒரு கடை திறக்கவில்லை, ஒரு ஹாரன் சத்தம் இல்லை. திருப்பூரில் ஞாயிறும் கம்பெனி வேன் ஓடும், ஷிப்மெண்ட் இருந்தால் தீபாவளிக்கு முதல் நாளும் ஓடும். மாதா கோயில் மணி மட்டும் அடித்தது. எந்தச் சாமியின் மணியானாலும் மணிதானே என்று நின்று கும்பிட்டுக்கொண்டேன். காலையில் கோமதி கொடுத்த ரொட்டி மரப்பட்டை போல இருந்தது. நெய்யில் தோய்த்ததும் வழிக்கு வந்தது.

திங்கட்கிழமை கோமதி வேலை செய்யும் இடத்துக்குப் போகிற வழியில் ஒரு துணிக்கடை. வாசலில் பனியன்கள் தொங்கின. என் கை தானாகப் போய்த் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. துணி கனமா, மெலிசா, சாயம் ஏறின பிறகு எப்படி இருக்கும் என்று விரலே சொல்லிவிடும். பனியனின் கழுத்துப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் இந்தியாவில் செய்தது என்று போட்டிருந்தது. ஊர்க்காரனைப் பார்த்தது போல ஒரு சந்தோஷம். "வாங்கப்பா, அந்தப் பொண்ணு பாக்குது" என்று கோமதி இழுத்துக்கொண்டு போனாள்.

அவளுடைய ஆராய்ச்சிக்கூடம் ஒரு பழைய கட்டிடத்தின் மேல்மாடியில் இருந்தது. அங்கே அவளோடு வேலை செய்யும் ஹான்னா என்ற ஜெர்மன் பெண் எழுந்து கை கொடுத்தாள். நான் கும்பிட்டேன். அவளும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு கும்பிட்டாள்.

"என்ன கண்ணு பண்ணறீங்க இங்கே?" என்று கேட்டேன். கோமதி உட்கார வைத்துச் சொன்னாள். நாங்கள் பனியனைப் போட்டு அனுப்புகிறோமே, அந்த பிளாஸ்டிக் கவர், அது புரொப்பிலீன் என்ற வாயுவிலிருந்து வருகிறது. ஆனால் அது தனியாகக் கிடைக்காது. புரொப்பேன் என்ற இன்னொரு வாயுவோடு கலந்துதான் வரும். ரெண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. எடையும் கிட்டத்தட்ட ஒன்று, கொதிக்கிற சூடும் கிட்டத்தட்ட ஒன்று. பிரிப்பதற்குப் பனைமரத்தை விட உயரமான கோபுரங்களில் குளிர வைத்து, திரும்பத் திரும்பக் காய்ச்சி, அவ்வளவு எரிபொருளைச் செலவு பண்ணுகிறார்களாம்.

"அதுக்கு நாங்க ஒரு சல்லடை பண்ணறோமுங்க. கல்கண்டு வளருதில்லீங்களா, அந்த மாதிரி படிகம். ஆனா இது வளரும்போதே உள்ளுக்குள்ள ஓட்டையோட வளருது. ஓட்டையெல்லாம் ஒரே அளவு. புரொப்பிலீன் மயிரிழை ஒல்லி, அது நுழைஞ்சு போயிரும். புரொப்பேன் நின்னுக்கும்."

"ஓட்டை யார் போடறது?"

"யாரும் போடறதில்லீங்க. அதோட சுபாவமே அப்படி."

அப்பனே, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் ஒரே அளவில் வாசல் வைத்துக் கட்டியிருக்கிறான்.

படிகம் படிகமாக ஒன்றோடொன்று நெருங்கி, இடைவெளி இல்லாமல் ஒரு படலமாக வளர வேண்டுமாம். ஒரு இடத்தில் விரிசல் விட்டாலும் ரெண்டு வாயுவும் கும்பலாக ஓடிவிடும், சல்லடையால் பயனில்லை. மூன்று வருஷமாக அவள் வளர்த்ததில் எல்லாம் எங்காவது ஒரு விரிசல். இப்போதுதான் ஒன்று ஒழுங்காக வந்திருந்தது. அதை ஒரு மூடியில் வைத்து, சின்ன இடுக்கியால் நகர்த்திக் காட்டினாள். ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளைச் சில்லு. அதன் மேல்தான் படலம் இருக்கிறதாம், எனக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை அதைக் கருவியில் மாட்டி அளவெடுத்துவிட்டால் கல்யாணத்துக்குக் கிளம்பிவிடலாம் என்றாள். அவள் ‘பாக்கலாம்’ என்றது இந்தச் சில்லு பிழைக்குமா என்று தெரியாமல்தான் என்று அப்போது புரிந்தது.

யாரோ வாசலில் கூப்பிட்டார்கள். கோமதி மூடியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். நான் குனிந்து பார்த்தேன். அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? யோசித்துச் செய்யவில்லை. என் விரல் ரெண்டும் போய் அதை எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டன. ஓட்டாஞ்சில்லைத் தொட்டது போல இருந்தது.

கோமதி திரும்பி வந்து என் கையைப் பார்த்தாள்.

"தொட்டீங்களாப்பா?"

"சும்மா பதம் பாத்தேன் கண்ணு."

காலையில் பூசின திருநீறு என் விரலில் இருந்தது. சில்லின்மேல் விரல் போன வழி கோடாகத் தெரிந்தது. பக்கத்து மேசையில் ஹான்னா வேலையை நிறுத்திவிட்டாள். கோமதி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு, "பரவால்லீங்கப்பா. தண்ணி குடிக்கறீங்களா?" என்று சோடா இல்லாத தண்ணீராகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் கேட்டுக் கேட்டு நிலைமையைத் தெரிந்துகொண்டேன். புதிதாக வளர்ப்பது ஒரு ராத்திரி வேலைதான். ஆனால் காய வைப்பது மெதுவாகத்தான் நடக்க வேண்டும், அவசரப்பட்டால் விரிசல் விடும். காய்ந்து மாட்டுகிற நாள் கல்யாண வாரத்தில் வந்து விழுகிறது. மாட்டியபின் கொஞ்ச நாள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் பார்க்க வேண்டும். தள்ளிப் போடவும் முடியாது. மாதக் கடைசியில் அந்தக் கருவியைக் கழற்றி வேறு கட்டிடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அளவு கிடைக்காவிட்டால் அவளுக்குக் கிடைக்கும் படிப்புதவியும் அதோடு நின்றுவிடும்.

"ஹான்னா பாத்துக்க மாட்டாளா?"

"அவ லீவுல கடலுக்குப் போறாங்கப்பா, அவங்க அப்பா அம்மாவோட. எப்பவோ சொல்லி வெச்சது. நான் கேக்க மாட்டேன்."

கூட்டிப்போக வந்தவன் கையாலேயே வழியை அடைத்துவிட்டேன். ஊரில் யாரும் என் விரலைச் சொல்லமாட்டார்கள். படித்த திமிர் என்று பிள்ளையைத்தான் சொல்வார்கள்.

மறுநாள் கோமதி புதுப் படிகத்துக்கு மருந்து கலக்கப் போய்விட்டாள். பக்கத்து ஊரில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் கட்டிய முருகன் கோயில் இருக்கிறது என்று முன்னமே சொல்லியிருந்தாள். நானே போய்க்கொள்கிறேன் என்று ரயில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கந்தனை நினைத்துக்கொண்டே போனேன். கால் மணி நேரத்தில் இறங்க வேண்டியது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே சோளக்காடாக ஓடுகிறது. எதிரில் இருந்த பாட்டியம்மாளிடம் கோமதி எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினேன். அவர் கையால் செய்து காட்டினார். ஒரு ஸ்டேஷனில் இந்த ரயிலை ரெண்டாகக் கழற்றுவார்களாம். முன்பாதி ஒரு ஊருக்கு, பின்பாதி வேறு ஊருக்கு. ரெண்டு பாதிக்கும் ஒரே நிறம், ஒரே இருக்கை. நான் ஏறியது தப்பான பாதி.

அந்த அம்மாள் தன் ஊரில் என்னையும் இறக்கினார். சின்ன ஸ்டேஷன், ஆளே இல்லை. திரும்புகிற ரயில் வரும்வரை போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பையிலிருந்து நாவல்பழ நிறத்தில் பெரிய பெரிய பழங்களை எடுத்துக் கொடுத்தார். புளிப்பும் இனிப்புமாக இருந்தன. கோயிலுக்குப் போக முடியவில்லை. நடைமேடையிலேயே நம் ஊர் இருக்கிற திசை எது என்று உத்தேசமாகப் பார்த்துக் கும்பிட்டேன். நிமிர்ந்தபோது எதிரில் ஒரு டெலிபோன் கூண்டு இருந்தது. போன் கார்டு சட்டைப்பையில் இருந்தது. சம்பந்தியைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க சம்பந்தி, ஜெர்மனீல இருந்துங்களா? பக்கத்து ஊட்டுல இருந்து பேசறாப்பல இருக்குதுங்க. பொண்ணு வருதுங்களா?"

"அதுதானுங்க. ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. புள்ள மேல இல்லீங்க, என்ற மேலதான்." முழுக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் எருமை கத்துவது கேட்டது.

"உங்களுக்குக் கை சும்மா இருக்காதுங்களா?"

"இருக்காதுங்க."

"எனக்குந்தானுங்க. எவன் ஊட்டுக்குப் போனாலும் வெண்ணெய் கண்டா மோந்து பாத்துருவேன். என்ற ஊட்டுக்காரி கிள்ளுவா." சிரித்தார். பிறகு, "இப்ப என்னங்க பண்ணலாம்?" என்றார்.

"நாளை ஐப்பசிக்குத் தள்ளி வெச்சாத் தோதுப்படுங்களா? ஆடியானதால பத்திரிகை இன்னும் அடிக்கலீங்க."

குறித்த நாளைத் தள்ளச் சொல்லி மாப்பிள்ளை வீட்டான் கேட்பது சாதாரணம் இல்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நானாச் சொல்ல முடியாதுங்க. நாளைக்கு அம்மன் கோயில்ல பூக் கேட்டுச் சொல்லிப்போடறேன்" என்றார். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது எங்கள் வழக்கம். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை.

கூண்டிலிருந்து வெளியே வந்தபோது பாட்டியம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் ரெண்டு பழம் கொடுத்தார்.

அடுத்த நாள் சாயங்காலம் நான் கோமதியின் அறையில் அரிசிம்பருப்பு ஆக்கிக்கொண்டிருந்தேன். அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாக வேகும் எங்கள் ஊர்ச் சோறு. கோமதி ஹான்னாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். மேலே ஒரு கரண்டி நெய் விட்டதும் அந்தப் பெண் தட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியின் போன் வந்தது.

"நாள் தள்ளலாமான்னு கேட்டனுங்க. செவப்பு வந்துச்சுங்க."

நான் நெய்க் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"சரி, பொண்ணு இல்லாமயே நடத்திப்போடலாமான்னு கேட்டனுங்க. அதுக்கும் செவப்புங்க. ஆத்தா என்ன நெனைக்கறான்னு எனக்கும் தெரியலீங்க. நீங்க பாத்துக்குங்க சம்பந்தி."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அம்மன் இப்படி ரெண்டு பக்கமும் கதவைச் சாத்துவாளா என்று இருந்தது. ஹான்னா என்னவென்று கேட்டாள். கோமதி அவர்கள் பாஷையில் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவர்கள் பேசியதைப் பிற்பாடு கோமதி எனக்குச் சொன்னாள்.

"ரெண்டு தடவையும் சிவப்பு வந்தது தற்செயல்தானே?" என்றிருக்கிறாள் ஹான்னா.

"அதை எங்கப்பாகிட்ட மட்டும் கேட்டுடாதே."

"சரி. முதல் கேள்வி, நாளை மாற்றலாமா? கூடாது. ரெண்டாவது, நீ இல்லாமல் நடத்தலாமா? கூடாது. அப்படியானால் நாளும் மாறாது, நீயும் போயாக வேண்டும். மிச்சம் இருப்பது யார்? மாற வேண்டியது நான்தான்."

கோமதி வேண்டாம் என்று மறுத்திருக்கிறாள், ஹான்னாவின் அப்பா அம்மா காத்திருப்பார்களே என்று. ஹான்னா தட்டைச் சுரண்டிக்கொண்டே, "கடல் அங்கேயேதான் இருக்கும். உன் அண்ணன் இன்னொரு தடவை கல்யாணம் செய்துகொள்வானா?" என்றிருக்கிறாள்.

எனக்கு அப்போது பாஷை புரியவில்லை. கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். "என்ன கண்ணு?" என்றேன். "ஹான்னா பாத்துக்கறேங்கறாங்கப்பா." நான் எழுந்து அந்தப் பெண்ணைக் கும்பிட்டேன். என்ன சொல்வது என்று தெரியாமல் மிச்சச் சோற்றை எல்லாம் அவள் தட்டில் போட்டு நெய்யை ஊற்றினேன். அம்மன் சாத்தியது ரெண்டு கதவைத்தான். மூன்றாவது கதவை நாங்கள்தான் கேட்காமல் இருந்திருக்கிறோம்.

அதற்கப்புறம் சில்லு காய்கிற வரைக்கும் அந்தக் கட்டிடத்துக்குள் நான் காலே வைக்கவில்லை. ஊரில் கல்யாண வேலையைச் செந்திலும் அவன் அம்மாவும் பார்த்துக்கொண்டார்கள். ஆற்றங்கரையில் நடந்தேன். அடியில் கூழாங்கல் தெரிகிற ஆறு. நம் திருப்பூர் நொய்யலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதைக் கெடுத்த சாயப்பட்டறைத் தண்ணீரில் எங்கள் துணியின் சாயமும்தானே இருக்கிறது. சில்லைக் கருவியில் மாட்டிய அன்றைக்கே கோமதியும் நானும் விமானம் ஏறினோம்.

மண்டபத்தில் முதல் ஆளாக வந்தது என் அக்காதான். "வந்துட்டயா சாமி? காத்தைச் சலிக்கற வேலையெல்லாம் முடிஞ்சுதா?" என்றாள்.

"இல்லீங்கத்தை, சலிச்சுட்டே இருக்குது. ஆள் வெச்சுட்டு வந்திருக்கேன்."

"சம்பளம் என்ன குடுக்கற?"

"ஒரு டின்னு நெய்யிங்க."

பக்கத்தில் நின்ற சம்பந்தி அதைக் கேட்டுவிட்டார். "ஒண்ணு எப்படிங்க பத்தும்?" என்று அப்போதே ஆளை ஊத்துக்குளிக்கு விரட்டினார்.

இணைச்சீர் நேரம் வந்தது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, பட்டுச்சேலை தடுக்கத் தடுக்கக் கோமதி மேடைக்கு வந்தாள். சீர் நடத்துகிற அருமைக்காரர் கூறைச்சேலையின் தலைப்பை அவள் கையில் கொடுத்தார். மூன்று வருஷமாக இடுக்கியில் பிடித்தே பழகியவள் அதையும் ரெண்டு விரல் நுனியில் பிடித்தாள். "கெட்டியாப் புடி கண்ணு, சேலை ஒண்ணும் ஒடஞ்சு போவாது" என்றார் அவர். செந்தில் சிரித்துவிட்டான். அவள் முழுக் கையாலும் பிடித்தாள். எனக்கும் என் மனைவிக்கும் அதற்கு மேல் கண் தெரியவில்லை.

மூன்றாம் நாளே கோமதி திரும்பிப் போய்விட்டாள். அவள் போனபின் வீட்டில் யாரும் அந்தச் சில்லைப் பற்றிப் பேசவில்லை. என் மனைவி தினமும் விளக்கேற்றும்போது ஏதோ வேண்டிக்கொள்வாள்.

ஒரு நாள் மத்தியானம், கரண்ட் இருந்த நேரம், நாலு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அவசர ஆர்டர், கம்பெனிக்காரர் காலையிலிருந்து போன் மேல் போன். செல்போன் மறுபடி அடித்தது. கோமதி. மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "ஹான்னா", "நான் வர்ற வரைக்கும் அளவை", "யாருக்கும் காட்ட மாட்டேன்னு" என்று துண்டு துண்டாக விழுந்தது. வெளியே ஓடினால் ரோட்டில் லாரிச் சத்தம்.

ஓடுகிற மெஷினைத் துணி ரோல் முடியாமல் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்த இடத்தில் துணியில் ஒரு கோடு விழும், சாயம் போட்டபின் பளிச்சென்று தெரியும். இத்தனை வருஷத்தில் நான் பையன்களைத் திட்டியதெல்லாம் பெரும்பாலும் இதற்காகத்தான். போய் நாலையும் நிறுத்தினேன். ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் நூல்தான் அறுந்துவிட்டதோ என்று மேலே பார்த்தார்கள். ஷெட்டே அமைதியாயிற்று.

"இப்பச் சொல்லு கண்ணு" என்றேன்.

"பிரிக்குதுங்கப்பா. ஒண்ணு போகுது, ஒண்ணு நிக்குது."

"இன்னொருக்காச் சொல்லு சாமி" என்றேன்.